திரைக்கு வெளியே ஒரு காது

திங்கட்கிழமை காலை ஐந்து மணி பதினெட்டு நிமிடம். கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் நான் முதலில் பார்த்தது, உள்ளே விளக்கு எரிய வந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி பஸ். ஜன்னலோரங்களில் தலைகள் சாய்ந்து தூங்கின. எல்லா முகங்களும் சாலையை நோக்கி இருக்க, ஒரு முகம் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி விழித்திருந்தது. ஓட்டுநருக்கு இடப்பக்கம், எஞ்சின் மூடிமேல் கோணியை மடித்துப் போட்டு, பயணிகளைப் பார்த்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

செய்தித்தாளில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மழை ஓயாத ஓர் ஐரோப்பிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். பாலியல்பு, பாலினம், சமூக ஒதுக்கல் என்று தலைப்பு நீளும். என் பங்கு சிறியது: ஆலை வேலைக்குப் போகும் திருநங்கைகள் அங்கே எப்படி நிலைக்கிறார்கள், நிலைக்காதவர்கள் எந்த இடத்தில் வெளியேறுகிறார்கள். வண்டிகளுக்கு மின்கம்பிக் கட்டுகள் செய்யும் ஓர் ஆலை எனக்கு ஒரு வாரம் அனுமதி தந்திருந்தது. பஸ், வாயில், கேண்டீன். உற்பத்திப் பகுதிக்குள் கால் வைக்கக்கூடாது.

"வாங்கக்கா, குந்துங்க" என்று எஞ்சின் மூடிமேல் இருந்தவர் பெண்கள் பகுதியின் முதல் இருக்கையைக் காட்டினார். ஓட்டுநர் ஏழுமலை கண்ணாடியில் என்னை அளந்தார்.

"மேடம் எதுக்கு வந்துகிறாங்க?"

"என்னப் பத்தி எழுதுறதுக்கு."

"அதுக்குப் படிப்பு கீதா?"

"கீதுண்ணா. வெளிநாட்டுக்காரன் டப்பு குடுத்துப் படிக்க வெக்கிறான்."

"பஸ்ல குந்திகினு வர்றதுக்கா? நான் இருவது வருசமா குந்திகினு வரேன், எவனும் டாக்டர் பட்டம் குடுக்கலியே!"

நான் படிக்கும் நகரத்தில், ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று பஸ் கண்ணாடியிலேயே எழுதியிருக்கும்.

ஆய்வுப் படிவத்தில் பங்கேற்பாளருக்குப் புனைபெயர் வைக்க வேண்டும். நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்றேன். அவர் யோசிக்கவில்லை. "வசந்தின்னு போடுங்க. ஏழாங்கிளாஸ் கணக்கு மிஸ்ஸு பேரு. என்ன அடிக்காத நாளு கெடையாது. என்னிக்காவது படிச்சா பேஜாராவட்டும்." எனவே இங்கே அவர் வசந்தி. மற்ற பெயர்களையும், ஆலையில் என்ன செய்கிறார்கள் என்பதையும் மாற்றியிருக்கிறேன். ஓட்டுநரும் வாயில் காவலரும் இப்போது வேறு இடங்களில் வேலை செய்கிறார்கள். நேரங்களை மட்டும் மாற்றவில்லை.

பஸ்ஸில் முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு. வசந்தி முதல் நாள் முன்பாதியில் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த கலா என்ற பெண் எழுந்து, ஆலை வரும்வரை நின்றுகொண்டே வந்தாராம். பின்பாதிக்குப் போக வசந்திக்கு மனமில்லை. மூன்றாம் நாள் ஏழுமலை எஞ்சின் மூடியைத் தட்டிக் காட்டியிருக்கிறார். "ஏசி சீட்டு" என்று அதற்குப் பெயர். கோணி இல்லாமல் அதில் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாது.

ஆலை வாயிலில் இரண்டு வழிகள். இடது வழி ஆண்களுக்கு, திறந்தவெளியில். வலது வழியில் பச்சைத் திரை போட்ட ஒரு கூண்டு, அதற்குள் பெண்களைப் பரிசோதிப்பார்கள். உள்ளே செல்போன் போகக்கூடாது, வெளியே பித்தளைத் துண்டு வரக்கூடாது. வாயிலைத் தாண்டிப் பதினைந்து அடியில் வருகைப் பதிவு இயந்திரம். ஆறு மணிவரை அட்டையை வைத்தால் பச்சை விளக்கு. ஆறு ஒன்றுக்குச் சிவப்பு.

வலது வழியில் நின்ற காவலர் ராஜம்மா. ஐம்பது வயதிருக்கும். ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். சேலைக்குமேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். உலோகம் கண்டால் கத்தும் கருவியை எல்லோரும் 'பேட்டு' என்றார்கள். அதை என்மேல் ஓட்டினார். கைப்பையருகே கத்தியது.

"இன்னாமா இது, பேனா மாறி கீது?"

"பேச்சைப் பதிவு செய்கிற கருவிம்மா."

"பேசுறதெல்லாம் புடிச்சிக்குமா? அப்ப இங்கியே இருக்கட்டும். சாயங்காலம் வாங்கிக்க."

கடைசியாக வசந்தி வந்தார். ராஜம்மா கூண்டைவிட்டு வெளியே வந்து, பேட்டை வசந்தியின் கையில் கொடுத்து, அவரை உள்ளே விட்டுத் திரையை இழுத்தார். பிறகு திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். உள்ளே வசந்தி தன்மேல் தானே பேட்டை ஓட்டிக்கொண்டார். ஒருமுறை கத்தியது.

"இன்னாது?"

"ஊக்கும்மா."

"சரி, காட்டு."

திரை இடுக்கில் ஒரு சேலை ஊக்கு நீண்டது. "போ."

கேண்டீனில் அதன் வரலாற்றைக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆண் காவலர் "என் வேலை இல்ல" என்றார். பெண் காவலர்களுக்கு "ஆர்டர் இல்ல". இரண்டு வழிகளுக்கும் நடுவே வசந்தி நிற்பார். பாதுகாப்பு அதிகாரி வந்து, யாருக்கோ போன் செய்து, உள்ளே விடும்போது ஆறு பத்தாகிவிடும். பத்து நாள் இதைப் பார்த்துவிட்டு ராஜம்மா கண்டுபிடித்ததுதான் இந்த வழி. யாரும் யாரையும் தொட வேண்டாம், எங்கும் எழுதவும் வேண்டாம். "சத்தம் வந்தா நிறுத்துவேன், வரலன்னா போன்னுவேன். அதுக்குக் கை எதுக்கு, காது போதும்" என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார்.

வசந்தியின் ஆறு மாதப் பயிற்சிக் காலம் அந்தச் சனிக்கிழமையோடு முடிந்தது. கடைசி மாதத்தில் மூன்று சிவப்பு விளக்கு விழுந்தால் வேலை நிரந்தரம் இல்லை, வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டு விழுந்திருந்தது. மகளின் பிரசவத்துக்கு ராஜம்மா விடுப்பில் போன இரண்டு நாட்கள்.

"போச்சின்னா என்ன செய்வீங்க?"

"திரும்ப டோல்கேட்டுதான். நாலு வருசம் அங்க கைதட்டினேன்க்கா. அங்க எத்தினி மணிக்குப் போனாலும் லேட்டே கெடையாது." சிரித்துவிட்டு, தட்டிலிருந்த கடைசி இட்லியை வடகறியில் புரட்டினார். எங்கள் திருநெல்வேலியில் வடகறி என்று சொன்னால் முழிப்பார்கள். எனக்கு இரண்டாம் நாளே பிடித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை பைபாஸில் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டது. மணி ஐந்து ஐம்பது ஆயிற்று, ஐந்து ஐம்பத்தைந்து ஆயிற்று. நான் வசந்தியைப் பார்த்தேன். அவர் நிம்மதியாக முறுக்கு தின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் பாதிப்பேர் விழிக்கவே இல்லை.

"உங்களுக்கு லேட் ஆகிறதே?"

"பஸ் லேட்டானா அது கம்பெனி லேட்டுக்கா. நம்ம கணக்குல வராது."

ஆறு பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லோருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏழுமலை வாயில் அறையில் இருந்த நோட்டை எடுத்து எழுதினார். நான்கு கட்டங்கள்: நேரம், காரணம், ஓட்டுநர் கையெழுத்து, பயணி ஒருவர் கையெழுத்து. நான்காவது கட்டத்தில் கலா போட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்து அலுவலகத்தில் சிவப்புகளை அழித்துவிடுவார்களாம்.

அன்று மாலை டீக்கடையில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு வடநாட்டு இளைஞன் போனில் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான். "கன்று போட்டுவிட்டதா? சரி, என்னது? காளையா, பசுவா? நன்றாகப் பார்த்துச் சொல்!"

புதன்கிழமை மனிதவள மேலாளரைச் சந்தித்தேன். நாற்பது வயதுக்குள் இருப்பவர், மரியாதையானவர். பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. திருநங்கைகளை வேலைக்கு எடுப்பது தன் யோசனைதான் என்றார். அது உண்மை, பிறகு விசாரித்தேன்.

ஒருவர் சொன்னதை மற்றவரிடமும் கேட்டுச் சரிபார்ப்பது செய்தித்தாளில் கற்ற பழக்கம். "வாயில் பரிசோதனை எப்படி நடக்கிறது?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல கொஞ்சம் குழப்பம் இருந்துச்சு. இப்ப ஸ்மூத்தா போகுது."

அங்கே நிறுத்தியிருக்கலாம். எப்படிச் சீரானது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. திரையை, பேட்டை, ராஜம்மாவின் காதை, நான் பார்த்தபடி வரிசையாகச் சொன்னேன். யாரையும் சங்கடப்படுத்தாத நல்ல முறை, இதையே ஒழுங்குமுறையாக எழுதி வைக்கலாம், மற்ற ஆலைகளும் பின்பற்றலாம் என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் மேடம். இது எனக்குத் தெரியாது."

வியாழன் வசந்திக்கு வார விடுமுறை. நிரந்தர வேலைக்கான கோப்பில் அவருடைய திருநங்கை அடையாள அட்டையின் சான்றிட்ட நகல் இருக்க வேண்டும். அதற்காகத் திருவள்ளூருக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

பெரியபாளையத்தில் பஸ்ஸின் கியர் உடைந்தது. நடத்துநர் எல்லோரையும் இறக்கி, பின்னால் வரும் வண்டியில் ஏற்றுவதாகச் சொன்னார். ஆடி பிறந்திருந்ததால் அம்மன் கோயிலில் வாரநாளிலும் கூட்டம். ஈர உடம்பில் வேப்பிலைச் சேலை கட்டிய ஒரு குடும்பம் சாலையைக் கடந்தது. தாய், இரண்டு பெண்கள், தொப்பையும் மீசையுமாகத் தகப்பன்.

"பாருங்கக்கா" என்றார் வசந்தி. "ஆம்பள, பொம்பள, எல்லாத்துக்கும் ஒரே சேலை. வேண்டுதல்னா எவனும் இன்னா ஏதுன்னு கேக்க மாட்டான். சின்ன வயசுல நானும் கட்டிகினு சுத்தியிருக்கேன். எங்கம்மா கட்டி வுட்டாங்க. அவுக்கச் சொன்னா அழுவேனாம்."

"அம்மா எங்கே?"

"இங்கதான், நாலு கிலோமீட்டரு. முன்ன நடவுக்குப் போவாங்க. இப்ப அத்திப்பட்டுல பவர் பிளான்ட் கேண்டீன்ல பாத்திரம் கழுவுறாங்க. போன்ல பேசுவாங்க. ஊட்டுக்கு வாடின்னு சொல்ல மாட்டாங்க."

இரண்டாவது பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. திருவள்ளூர் அலுவலகத்தில் எழுத்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைகழுவிவிட்டு வந்து, அட்டையில் இருந்த படத்தையும் வசந்தியையும் ஒருமுறை பார்த்து, "போட்டோவுல சிரிக்கவே இல்லியேம்மா" என்று சொல்லி முத்திரை குத்தினார். எல்லாம் நான்கு நிமிடம். ஊருக்கு வந்ததிலிருந்து நான் பார்த்த மிக விரைவான வேலை அதுதான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். பருப்புப்பொடி, நெய், கோங்குரா துவையல். எங்கள் பக்கம் சாம்பாருக்கு முன்னால் பொடி போடும் வழக்கம் இல்லை. வசந்தி நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அப்போதுதான் ராஜம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. வசந்தி அதைச் சத்தமாகவே போட்டார்.

"அம்மாயி, ஒரு பேப்பர் ஒட்டிட்டாங்க. தன்னத்தானே செக் பண்ணக் கூடாதாம். உன்னிய ஆபீஸர்தான் நேர்ல பாத்து வுடணுமாம். எவளோ மேல போட்டுக் குடுத்துட்டா. என்னியக் கூப்ட்டு சத்தம் போட்டாங்க. நாளிக்கி சீக்கிரமா வா."

வசந்தி இன்னொரு முறை கேட்டார். யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொரு பெயராக யோசித்தார். கலாவாக இருக்குமோ என்றார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். மேலாளரிடம் பேசியதை முழுவதும் சொன்னேன்.

அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறுபவர் ரசத்தோடு வந்தார், வேண்டாம் என்று வசந்தி கையால் இலையை மறைத்தார்.

"கெட்டது பண்ணணும்னு சொல்லியிருந்தீங்கன்னா திட்டிட்டுப் போயிடலாம். நல்லது பண்ணணும்னு சொல்லிட்டீங்களே, அதான்க்கா பேஜாரு" என்றார். பிறகு, "நான் ஒண்ணு கேக்கவா? அவர் கேக்காமலே ஏன் சொன்னீங்க?"

வெளியே வந்து மேலாளருக்குப் போன் செய்தேன். இரண்டு நாட்களுக்காவது பழைய முறையை விட்டுவைக்கக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தெரியாமல் இருந்தவரை சரி, தெரிந்தபின் ஒரு பாதுகாப்பு மீறலை அனுமதிக்க முடியாது, திங்கட்கிழமை குழு கூடி நல்ல முடிவெடுக்கும் என்றார். சனிக்கிழமையோடு கெடு முடிவதைச் சொன்னேன். "ஆபீஸர் கரெக்டா வந்துடுவார் மேடம்."

திரும்பும்போது வசந்தி எனக்கு முன்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை பஸ் ஐந்து நாற்பத்து மூன்றுக்கே வாயிலை அடைந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். வசந்தி இரண்டு வழிகளுக்கும் நடுவே நின்றார். ராஜம்மா பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் பாதுகாப்பு அதிகாரியின் மோட்டார் சைக்கிள் வந்தது. பையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், போகலாம் என்று கை காட்டினார். பத்து நொடி. வசந்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். பச்சை விளக்கு.

மாலையில் என் பதிவுக் கருவியைத் திருப்பித் தரும்போது ராஜம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழுமலையிடம்தான் பேசினார். "நைனா, நாளிக்கி ஆபீஸரு மொதல்ல ரெண்டாவது யூனிட்டுக்குப் போறாராம். இங்க வர ஆறே கால் ஆவுமாம்."

ஏழுமலை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அருகே போனதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பஸ்ஸுக்குள்ளும் அதே நிலைதான். நான் ஏறியதும் முன்பாதியில் நடந்துகொண்டிருந்த பேச்சு அடங்கியது. அது நியாயம்தான் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

சனிக்கிழமை வழக்கம்போல ஐந்து பதினெட்டுக்கு ஏறினேன். வசந்தி எஞ்சின் மூடிமேல் இல்லை. முன்பாதியில் இரண்டாவது வரிசையில், கலாவுக்குப் பக்கத்தில் இருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு முறுக்குப் பொட்டலம்.

சிப்காட் திருப்பத்துக்கு முன்னால், பூட்டியிருந்த ஒரு பஞ்சர் கடை எதிரே பஸ் ஓரங்கட்டி நின்றது. மணி ஐந்து முப்பத்தொன்பது. ஏழுமலை எஞ்சினை அணைத்தார்.

"இன்னாண்ணா ஆச்சு?" என்று பின்பாதியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"பஞ்சர்ரா."

"ஓ. எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஆவும்."

அவ்வளவுதான் பேச்சு. யாரும் இறங்கவில்லை. பின்னால் சிலர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். ஒரு பெண் இன்னொருத்திக்குத் தலை பின்னிவிட்டாள். வசந்தி கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. ஏழுமலை கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் வயலில் நின்ற கொக்குகளைப் பார்த்துக்கொண்டு பல் குத்தினார். ஜாக்கியை எடுக்கவில்லை.

நான் இறங்கி வண்டியை ஒரு சுற்று வந்தேன். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. ஆறு டயர்களிலும் காற்று இருந்தது.

"மேடம்" என்றார் ஏழுமலை, திரும்பாமல். "இன்னா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லண்ணா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கலா பொட்டலத்தை நீட்டினார். ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஆறு பதினாறுக்கு வாயிலை அடைந்தோம். பாதுகாப்பு அதிகாரி அப்போதுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். நோட்டை அவரே எடுத்து வந்தார்.

"என்ன ஏழுமலை, இந்த வாரத்துலயே ரெண்டாவது தடவை?"

"இன்னா சார் பண்றது, ரோடு அப்படி. பஞ்சர்." காரணம் என்ற கட்டத்தில் 'இடது பின் டயர் பஞ்சர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"யாரு பயணி?"

கலா என் பக்கம் திரும்பினார். "அக்கா போடட்டும் சார். அவங்க கம்பெனி ஆளு கூட இல்ல, எழுதுறவங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க பஸ்லதான் வந்தீங்களா மேடம்? பஞ்சர்தானே?"

"ஆமாம்" என்றேன். நான்காவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினேன்: 6.18.

அதிகாரி வசந்தியின் பையையும் அட்டையையும் பார்த்துக் கை காட்டினார். ராஜம்மா திரையருகே நின்றபடி என்னைப் பார்த்தார். பிறகு பேட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

வசந்தி அட்டையை வைத்தபோது மணி 6.20. அன்று அந்த பஸ்ஸில் வந்த நாற்பத்தொரு பேருக்கும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.